தோற்றவர்களின் திருவிழா

இருபதடி மரத்தைத் தூக்கி எறிகிறார்கள். பேக்பைப் முழங்குகிறது. அரச குடும்பம் வந்து உட்கார்ந்து கை தட்டுகிறது. ஸ்காட்லாந்தின் பிரேமர் கிராமத்தில் ஆண்டுதோறும் நடக்கும் இந்த விளையாட்டு விழாவுக்குப் பின்னால் ஒரு பழைய பகையின் கதை இருக்கிறது.

மைதானத்தின் நடுவே கிளையும் பட்டையும் சீவப்பட்ட ஒரு மரம் செங்குத்தாக நிற்கிறது. இரண்டு பேர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது ஆள் அதன் அடியில் குந்துகிறார். பீமசேனன் உடம்பு. இடுப்பில் கட்டம் போட்ட கில்ட் என்கிற மடிப்புப் பாவாடை. முழங்கால் வரை கம்பளிக் காலுறை. மரத்தைத் தோளில் சாய்த்து, அதன் அடிநுனியை இரு கைகளையும் கோத்து ஏந்தி, மெல்ல எழுகிறார். மரம் ஆடுகிறது. கூட்டத்தில் பேச்சு நின்றுபோகிறது. மரத்தை ஒரு நிதானத்துக்குக் கொண்டுவந்து, சில எட்டுகள் ஓடி, சட்டென்று நின்று, இருக்கிற பலம் முழுவதையும் கொடுத்து மேல்நோக்கி வீசுகிறார். மேல்நுனி தரையில் குத்துகிறது. அடிநுனி வானத்தில் எழுந்து, ஒரு கணம் தயங்கி, எதிர்ப்பக்கம் சாய்கிறது. கரகோஷம்.

"எவ்வளவு தூரம் போயிற்று?" என்று கேட்கிறார் மும்பையிலிருந்து வந்து எடின்பரோவில் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் என்ஜினீயர்.

"தூரத்துக்கு இங்கே மார்க் கிடையாது" என்கிறார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெர்த் நகரத்துத் தோழி.

கேபர் எறிதல் என்ற இந்தப் போட்டியின் கணக்கே தனி. தரையில் ஒரு பெரிய கடிகாரம் வரைந்திருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். எறிபவர் நிற்கும் இடம் 6 மணி. குட்டிக்கரணம் அடித்து விழும் மரம் நேராக 12 மணியைக் காட்டினால் அது அப்பழுக்கற்ற எறி. 11-ஐயோ 1-ஐயோ காட்டினால் மதிப்பு குறையும். எவ்வளவு தூரம் என்பதல்ல, எவ்வளவு நேராக என்பதுதான் கேள்வி. பிரேமரில் எறியப்படும் மரத்தின் நீளம் ஏறக்குறைய 20 அடி, எடை சுமார் 60 கிலோ. அதைப் புரட்ட முடியாமல் திணறும் மல்லர்களும் உண்டு.

மே முதல் செப்டம்பர் வரை ஸ்காட்லாந்தின் பல ஊர்களில் ஹைலேண்ட் கேம்ஸ் எனப்படும் மலைநாட்டு விளையாட்டுகள் நடக்கின்றன. அவற்றில் உலகப் புகழ் பெற்றது பிரேமர். ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் சனிக்கிழமை. சில நூறு பேர் மட்டுமே வாழும் இந்த மலைக் கிராமத்தில் அன்று ஒரு நாள் பல்லாயிரம் பேர் குவிகிறார்கள். எடின்பரோவிலிருந்து வார இறுதிக்காக வந்திருக்கும் இந்த நான்கு நண்பர்களும் அந்தக் கூட்டத்தில் அடக்கம். மும்பைக்காரர், பெர்த் தோழி, அவரோடு ஒரே பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியர், இவர்களுடன் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து படிக்க வந்த ஒரு இளைஞர். கனடாக்காரர் மட்டும் கில்ட் அணிந்திருக்கிறார். வாடகைக்கு எடுத்தது.

எடின்பரோவிலிருந்து பிரேமருக்குச் சுமார் 145 கி.மீ. ஃபோர்த் முகத்துவாரத்தைப் பாலத்தில் கடந்து, பெர்த், பிளேர்கௌரி வழியாகப் போகவேண்டும். பிளேர்கௌரி வரை வயலும் பழத்தோட்டமுமாக இருக்கும் நிலம், க்ளென்ஷீ பள்ளத்தாக்கில் நுழைந்ததும் முகத்தை மாற்றிக்கொள்கிறது. மரம் குறைந்து, புல்லும் ஹெதர் புதரும் மூடிய வழுக்கை மலைகள் இருபுறமும் எழுகின்றன. ஆகஸ்டு, செப்டம்பரில் ஹெதர் பூத்து மலைச்சரிவு முழுக்க ஊதா நிறம். பாதை கெய்ர்ன்வெல் கணவாயில் 670 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. பிரிட்டனின் பிரதான சாலைகளில் இதைவிட உயரமானது வேறில்லை. பனிக்காலத்தில் சாலையை அடைக்கக் கதவுகள் போட்டு வைத்திருக்கிறார்கள். ரயிலில் வர நினைப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். அபர்டீனிலிருந்து வந்த ரயில் பாதை பாலட்டர் என்ற ஊரோடு முடிந்துவிட்டது. அதையும் 1966-ல் மூடிவிட்டார்கள். இப்போது அபர்டீனிலிருந்து பஸ்தான்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 340 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிரேமருக்குக் குளிர்தான் முகவரி. பிரிட்டனில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையான மைனஸ் 27.2 டிகிரி, 1895-லும் 1982-லுமாக இரண்டு முறை இங்கே பதிவானது. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1881-ல் இங்கே ஒரு சிறிய வீட்டில் தங்கியிருந்தபோதுதான் 'ட்ரெஷர் ஐலண்ட்' நாவலை எழுத ஆரம்பித்தார். விழா வாரத்தில் இந்த ஊரில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. நண்பர்கள் கூடாரம் கொண்டுவந்திருக்கிறார்கள். இரவெல்லாம் மழை. "செப்டம்பர் என்றீர்களே" என்று மும்பைக்காரர் முனக, "இது கோடைதான்" என்கிறார் ஆசிரியர்.

விழா எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். 11-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தை ஆண்ட மூன்றாம் மால்கம் மன்னருக்கு வேகமாக ஓடும் தூதர்கள் தேவைப்பட்டார்கள். ஊரை ஒட்டியிருக்கும் கிரெய்க் கொய்னிக் குன்றின் உச்சிக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார். மெக்ரெகர் சகோதரர் மூவரில் கடைசித் தம்பி தாமதமாகக் கிளம்பி எல்லோரையும் முந்தினான். உச்சி நெருங்கும்போது மூத்த அண்ணன் பொறாமையில் அவன் கில்ட்டைப் பிடித்து இழுத்தான். தம்பி கில்ட்டை அவிழ்த்து அண்ணன் கையிலேயே விட்டுவிட்டு, வெற்றுடம்போடு ஓடி ஜெயித்தான்.

அருமையான கதை. ஆனால் அந்தக் கில்ட்டே கதையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. உடம்பு முழுக்கச் சுற்றிக்கொள்ளும் பழைய வகைக் கில்ட் பற்றிய குறிப்பே 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் கிடைக்கிறது. இடுப்புக்குக் கீழே மட்டும் அணியும் இன்றைய கில்ட் 18-ஆம் நூற்றாண்டில் பரவியது. மால்கம் காலத்தில் அவிழ்ப்பதற்குக் கில்ட் இல்லை.

ஆவணங்களில் இருக்கும் கதை இதைவிடச் சுவையானது. அது ஆரம்பிப்பது ஒரு கலகத்தில். 1714-ல் ஜெர்மனியின் ஹனோவர் வம்சத்தைச் சேர்ந்த முதலாம் ஜார்ஜ் பிரிட்டிஷ் அரியணை ஏறினார். நாடு கடந்து வாழ்ந்த ஸ்டூவர்ட் வம்சத்தாரே உண்மையான அரசர்கள் என்று நம்பியவர்களுக்கு ஜாக்கபைட்டுகள் என்று பெயர். அடுத்த ஆண்டு மார் பிரபு, வேட்டைக்கு வாருங்கள் என்று மலைநாட்டுத் தலைவர்களைப் பிரேமருக்கு அழைத்தார். வேட்டை ஒரு சாக்கு. 1715 செப்டம்பர் 6-ஆம் தேதி இதே ஊரில் ஜார்ஜுக்கு எதிராகக் கொடி ஏற்றப்பட்டது. அந்தக் கலகம் தோற்றது. முப்பது ஆண்டுகள் கழித்து இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் தலைமையில் மீண்டும் ஒரு கலகம். 1746 ஏப்ரல் 16-ஆம் தேதி கல்லோடன் மைதானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் அதுவும் முடிந்தது.

வென்றவர்கள் இந்த முறை விட்டுவைக்கவில்லை. மலைநாட்டார் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. கில்ட், டார்ட்டன் என்ற கட்டம் போட்ட கம்பளித் துணியில் மேலாடை எதுவும் ஆண்கள் அணியக் கூடாது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுபடி பிடிபட்டால் ஏழு ஆண்டு நாடு கடத்தல். 1747-ல் நடைமுறைக்கு வந்த இந்த உடைத் தடை 1782 வரை நீடித்தது. ஒரே ஒரு விலக்கு: அரசரின் ராணுவத்தில் சேர்ந்தவர்கள் கில்ட் அணியலாம். அப்படிச் சேர்ந்தவர்கள் எங்கெங்கோ போனார்கள். 1780-ல் சென்னையில் வந்திறங்கிய மெக்லாய்ட் ஹைலேண்டர்ஸ் படையைச் சேர்ந்த இரண்டு கம்பெனிகள், அதே ஆண்டு செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலி, திப்புவின் சேனையிடம் சிக்கிச் சிதைந்தன. சொந்த ஊரில் தடை செய்யப்பட்ட உடையைச் சட்டப்படி அணிந்துகொள்ள அவர்களுக்கு இருந்த வழி அது.

பிரேமர் கோட்டையில் அரசுப் படை வந்து உட்கார்ந்தது. காவல் இருந்த சிப்பாய்கள் பொழுது போகாமல் ஜன்னல் கதவுகளில் செதுக்கிய பெயர்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. அந்தப் படை கோட்டையைக் காலி செய்தது 1831-ல். அதற்கு அடுத்த ஆண்டு, 1832-ல், பிரேமரில் இன்றைய பாணியிலான முதல் விளையாட்டுப் போட்டிகள் நடந்தன.

நடத்தியது யார்? மன்னரும் இல்லை, பிரபுவும் இல்லை. 1815-ல் ஊர்த் தச்சர்கள் ஆரம்பித்த ஒரு சங்கம். நோயில் விழுந்தவனுக்கு உதவி, விதவைக்கும் அநாதைக்கும் ஆதரவு, இதற்காக ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வைத்த நிதி. 1826-ல் அது பிரேமர் ஹைலேண்ட் சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இன்று உலகத் தொலைக்காட்சிகள் படம் பிடிக்கும் விழாவின் ஆணிவேர், ஒரு கிராமத்துத் தச்சர்களின் பரஸ்பர உதவி நிதி.

பிறகுதான் ராணி வருகிறார். 1848-ல் பக்கத்திலிருக்கும் பால்மோரல் எஸ்டேட்டுக்கு முதன்முதலாக வந்த விக்டோரியா, அந்த ஆண்டே விழாவைப் பார்க்க வந்தார். மலையும் கில்ட்டும் அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயின. 1850-ல் நடந்ததை அவரே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கிரெய்க் கொய்னிக் குன்றின் மேல் ஓட்டப்பந்தயம். பதினெட்டோ பத்தொன்பதோ பேர் ஓடினார்கள். ஜெயித்தவன் அவருடைய சொந்த வேட்டைப் பணியாள் டங்கன். ஆனால் ஓடி முடித்தபின் அவன் ரத்தம் துப்பினான் என்பதும், அதன் பிறகு அவனுக்குப் பழைய தெம்பு வரவேயில்லை என்பதும், அதனால் மலையேறும் பந்தயம் நிறுத்தப்பட்டது என்பதும் அதே குறிப்பில் இருக்கின்றன. மலையோட்டம் பின்னால் மீண்டும் வந்துவிட்டது. இன்று முறையாகப் பயிற்சி பெற்றவர்கள் ஓடுகிறார்கள். மைதானத்திலிருந்து பார்த்தால் சரிவில் எறும்பு வரிசைபோலத் தெரிகிறது. சேறு பூசி, முழங்கால் சிராய்த்துத் திரும்பி வருகிறவர்களுக்குத்தான் கூட்டம் எழுந்து நின்று கை தட்டுகிறது.

1866-ல் விக்டோரியா சங்கத்துக்கு 'ராயல்' பட்டம் கொடுத்தார். 1906-ல் ஃபைஃப் பிரபு 12 ஏக்கர் நிலம் கொடுத்தார். விழா இன்றும் அந்த மைதானத்தில்தான் நடக்கிறது.

அங்கே ஒரே நேரத்தில் நாலைந்து காரியங்கள் நடக்கின்றன. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தலை சுற்றுகிறது. ஒரு மூலையில் சம்மட்டி எறிதல். ஒலிம்பிக்கில் 1900 முதல் இருக்கும் போட்டிக்கு இது பெரியப்பா. ஒலிம்பிக் வீரர் வட்டத்துக்குள் பம்பரமாகச் சுழன்று எறிவார். இங்கே சுழலக் கூடாது. பூட்ஸ் முனையில் பொருத்திய இரும்புத் தகட்டைத் தரையில் குத்தி, கால்களை நட்ட நடையாக வைத்துக்கொண்டு, தலைக்கு மேல் சுழற்றி வீச வேண்டும். சம்மட்டியில் 16 பவுண்டு, 22 பவுண்டு என்று இரண்டு வகை. இன்னொரு மூலையில் 28 பவுண்டுக் கல்லை ஓடாமல் நின்ற இடத்திலிருந்து எறிகிறார்கள். மற்றொரு பக்கம் 56 பவுண்டு, அதாவது 25 கிலோவுக்கு மேலான எடைக்கல்லை ஒற்றைக் கையால் பின்பக்கமாகத் தலைக்கு மேல் வீசி, உயரத்தில் இருக்கும் குறுக்குக் கம்பியைத் தாண்ட வைக்கிறார்கள். பயந்தாங்கொள்ளிகளுக்கான வேலை அல்ல. குறி தவறினால் கல் எறிந்தவர் மேலேயே விழும்.

எல்லோரும் கில்ட் அணிந்திருக்க வேண்டும் என்பது விதி. பரிசு ரொக்கம். ஆனால் அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. இந்த மல்லர்களில் பெரும்பாலோர் வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு, சனி ஞாயிறுகளில் ஊர் ஊராகக் காரோட்டிப் போய் மரமும் கல்லும் எறிகிறவர்கள்.

கல்லுக்கு இங்கே மரியாதை அதிகம். வீட்டு வாசலில் ஒரு பெரிய கல்லைப் போட்டு, அதைத் தூக்கியவனையே ஆண்பிள்ளையாக மதிப்பது மலைநாட்டின் பழைய வழக்கம். அவர்களுடைய இளவட்டக்கல் அது. டீ நதிக் கரையோரமாகக் கிழக்கே போனால் வரும் பொடார்க் என்ற இடத்தில் இரும்பு வளையம் மாட்டிய இரண்டு கற்கள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து 332 கிலோ. 1860-ல் டொனால்ட் டின்னி என்பவர் இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்கிக்கொண்டு பாலத்தின் அகலத்தைக் கடந்தார் என்று சொல்கிறார்கள். 1916-ல் இறந்த டின்னிதான் இந்த விளையாட்டின் முதல் உலக நட்சத்திரம். அவர் பெயரிலேயே வழங்கும் அந்தக் கற்களைத் தூக்கிப் பார்க்க இன்றும் பல நாடுகளிலிருந்து பலசாலிகள் வருகிறார்கள்.

நடன மேடையில் வேறு உலகம். தரையில் குறுக்காக வைத்த இரண்டு வாள்களுக்கு இடையே ஆடுகிறார்கள். கால் பட்டு வாள் நகர்ந்தால் போட்டியிலிருந்து அவுட். ஒரு காலத்தில் ஆண்கள் மட்டுமே ஆடிய இந்த ஆட்டங்களில் இன்று பெரும்பாலும் சிறுமிகள். அவற்றில் ஒன்றின் பெயர் 'ஷான் ட்ரூவஸ்'. கேலிக் மொழியில் 'பழைய கால்சட்டை' என்று பொருள். கில்ட் தடை செய்யப்பட்ட காலத்தில் திணிக்கப்பட்ட கால்சட்டையை உதறி எறிவதுதான் அந்தக் கால் உதறல் என்று விளக்கம் சொல்கிறார்கள். பத்து வயதுக் குழந்தை சிரித்தபடி காலை உதறுவதைப் பார்க்கும்போது அது ஒரு எதிர்ப்பு என்று யாருக்கும் தோன்றாது.

நண்பகல் வாக்கில் பேக்பைப் வாத்தியக் குழுக்கள் எல்லாம் ஒன்று சேர்ந்து மைதானத்தைச் சுற்றி வருகின்றன. நூற்றுக்கணக்கான பைப்புகளும் முரசுகளும் ஒரே நேரத்தில் முழங்கும்போது மரப்பலகை இருக்கை அதிர்கிறது. பேக்பைப்பையும் அரசு தடை செய்தது என்று ஸ்காட்லாந்தில் பலர் நம்புகிறார்கள். பெர்த் தோழியும் அப்படித்தான் பள்ளியில் கேட்டதாகச் சொல்கிறார். உண்மையில் தடைச் சட்டத்தில் பேக்பைப் என்ற வார்த்தையே கிடையாது. தோற்றவர்களின் நினைவில் இழப்புகள் கொஞ்சம் கூடுவது இயல்பு.

கனடாக்காரரின் கில்ட் பற்றியும் விவாதம் வருகிறது. அது தன் குலத்தின் டார்ட்டன் என்று கடைக்காரர் சொன்னதாக அவர் பெருமைப்படுகிறார். "குலத்துக்கு ஒரு டார்ட்டன் என்ற ஏற்பாடே 19-ஆம் நூற்றாண்டில் வந்ததுதான்" என்று பள்ளி ஆசிரியர் பாடம் நடத்துகிறார். 1822-ல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தார். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் அந்த வரவேற்பை ஒரு டார்ட்டன் நாடகமாகவே நடத்திக் காட்டினார். தடை செய்த வம்சத்தின் அரசரே டார்ட்டன் உடுத்திக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு துணி ஆலைகளுக்கு யோகம். கனடாக்காரர் அசரவில்லை. "புதுசோ பழசோ, நாங்கள் இழந்த பிறகு எங்களுக்கு மிஞ்சியது இதுதான்" என்கிறார்.

அவர் ஊரான நோவா ஸ்கோஷியாவின் பெயருக்கே 'புதிய ஸ்காட்லாந்து' என்றுதான் அர்த்தம். 1773-ல் ஹெக்டர் என்ற கப்பல் மலைநாட்டுக் குடும்பங்களை அங்கே பிக்டூ துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கியது. அடுத்த நூறாண்டில் ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்ந்தார்கள். சிலர் வறுமையால் போனார்கள். பலர் துரத்தப்பட்டுப் போனார்கள். குத்தகைக் குடிகளைவிட ஆடு வளர்ப்பதில் லாபம் அதிகம் என்று கண்ட நிலப்பிரபுக்கள் கிராமம் கிராமமாகக் காலி செய்தார்கள். 1810-களில் சதர்லாந்தில் நடந்த வெளியேற்றங்கள் இன்றும் கசப்போடு பேசப்படுகின்றன. போனவர்கள் விளையாட்டையும் கொண்டுபோனார்கள். நோவா ஸ்கோஷியாவின் ஆண்டிகனிஷ் நகரில் 1863 முதல் ஹைலேண்ட் கேம்ஸ் நடக்கிறது. கனடாக்காரர் முதலில் கேபரைப் பார்த்தது அங்கேதான்.

பிற்பகல் மூன்று மணி வாக்கில் மைதானத்தில் ஒரு சலசலப்பு. அரச குடும்பத்தினர் வரும் நேரம். கார்கள் மெல்ல உள்ளே வர, கூட்டம் எழுந்து நிற்கிறது. தேசிய கீதம் ஒலிக்கிறது. மறைந்த ராணி இரண்டாம் எலிசபெத்துக்கு இது தவறவிட விரும்பாத விழா. 2022 செப்டம்பர் 3-ஆம் தேதி நடந்த விழாவுக்கு அவரால் வர முடியவில்லை. மகன் சார்லஸ் வந்தார். ஐந்து நாள் கழித்து, பக்கத்திலிருக்கும் பால்மோரல் மாளிகையில் ராணி காலமானார். 2023-ல் சார்லஸ் முதன்முறையாக அரசராக இங்கே வந்தார். எழுந்து நிற்கும் கூட்டத்தில் யாரும் தேதியை எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. முதலாம் ஜார்ஜுக்கு எதிராகக் கொடி ஏற்றப்பட்ட அதே ஊரில், அதே செப்டம்பர் முதல் வாரத்தில், அந்த ஜார்ஜின் வாரிசுக்கு மரியாதை.

அரசர் முன்னிலையில் நடக்கும் கயிறு இழுக்கும் போட்டியில் ராணுவ அணிகள் மோதுகின்றன. 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கில் இருந்து பிறகு கைவிடப்பட்ட போட்டி. ஆனால் அன்று அதிகச் சிரிப்பை வரவழைப்பது குழந்தைகளின் சாக்கு ஓட்டம். மல்லர்களுக்குக் கிடைத்த கை தட்டலுக்குக் குறையாமல், கடைசியாக விழுந்து எழுந்து வரும் பொடியனுக்கும் கிடைக்கிறது.

மும்பைக்காரருக்கு மாலையில் ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. பிரேமருக்கு வடகிழக்கே மலைகளைத் தாண்டி ஸ்ட்ராத்டான் என்ற பள்ளத்தாக்கில், ஆகஸ்டு கடைசியில் லோனக் விழா நடக்கிறது. கில்ட் அணிந்து ஈட்டி ஏந்திய ஊர் ஆண்கள் காலையிலேயே அணிவகுத்து, வழியில் இருக்கும் வீடுகளில் நின்று விஸ்கி அருந்திக்கொண்டே மைதானத்துக்கு வருவார்கள். அந்தச் சங்கத்தை 1823-ல் நிறுவியவர் சர் சார்லஸ் ஃபோர்ப்ஸ். பம்பாயின் பழைய வணிக நிறுவனமான ஃபோர்ப்ஸ் கம்பெனியின் தலைவர். பம்பாயில் சம்பாதித்த பணத்தோடு சொந்தப் பள்ளத்தாக்குக்குத் திரும்பிய அவர் ஏற்படுத்தியதும், பிரேமர் தச்சர்களுடையதைப் போன்ற ஒரு பரஸ்பர உதவிச் சங்கமே. "ஏஷியாட்டிக் சொசைட்டி நூலகத்தில் அவர் சிலையைத் தாண்டித்தான் நான் படிக்கப் போவேன்" என்கிறார் மும்பைக்காரர். "அங்கே சேர்த்தது இங்கே கில்ட்டாகியிருக்கிறது என்று அப்போது தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை பிரேமர் வேறு ஊர். கூட்டம் போய்விட்டது. நண்பர்கள் மேற்கே பத்து கி.மீ. தூரத்தில், டீ நதி பாறை இடுக்கில் பாய்ந்து இறங்கும் லின் ஆஃப் டீ வரை காரில் போய், அங்கிருந்து க்ளென் லூய் பள்ளத்தாக்கில் நடக்கிறார்கள். பைன் மரங்கள் முடிந்து வெட்டவெளி வந்ததும் புல்லில் அங்கங்கே சதுரமாகக் கல்வரிசைகள். வீடுகளின் அடித்தளங்கள். 18-ஆம் நூற்றாண்டிலேயே காலி செய்யப்பட்ட குடியிருப்புகள் இவை. அடுத்தடுத்த பள்ளத்தாக்குகளிலும் இதே கதை. ஆடுகளுக்குப் பிறகு மான்கள் வந்தன. பணக்காரர்களின் மான் வேட்டைக்காக மலை முழுவதும் ஆளில்லாமல் வைக்கப்பட்டது. வெளியூர்க்காரர்கள் 'இயற்கை அழகு' என்று வியக்கும் வெறுமையில் ஒரு பகுதி மனிதர்கள் செய்தது. 1995 முதல் இந்த எஸ்டேட் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் வசம் இருக்கிறது. மான்களைக் குறைத்ததால் பைன் கன்றுகள் மறுபடி தலை தூக்குகின்றன. காடு திரும்புகிறது. ஆட்கள் திரும்பவில்லை.

மொழியும் திரும்பவில்லை. இந்த மலைகள், ஓடைகள், பாறைகள் எல்லாவற்றுக்கும் பெயர் கேலிக் மொழியில்தான். கிரெய்க் என்றால் பாறைக்குன்று. க்ளென் என்றால் பள்ளத்தாக்கு. ஆனால் விழா அறிவிப்புகள் முழுக்க ஆங்கிலத்தில். டீ நதிக் கரையின் வட்டாரக் கேலிக்கைத் தாய்மொழியாகப் பேசிய கடைசிப் பெண்மணி 1984-ல் இறந்துபோனார். கேலிக்கை அதிகாரபூர்வ மொழியாக்கும் சட்டத்தை ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2025-ல் நிறைவேற்றியது. கில்ட்டின் தடை 35 ஆண்டில் நீங்கியது. உடை உயிர் பிழைத்தது, விளையாட்டு பிழைத்தது. இந்தப் பள்ளத்தாக்கின் பேச்சுக்கு மட்டும் சட்டம் வந்து சேர்வதற்குள் காலம் முடிந்துவிட்டது. கல்வரிசை ஒன்றின் மேல் உட்கார்ந்து, பெயர்ப்பலகையில் இருக்கும் வார்த்தையைக் கனடாக்காரர் படித்துப் பார்க்கிறார். உச்சரிப்பு சரியா என்று சொல்ல நால்வரில் யாருக்கும் தெரியவில்லை.

திரும்பும் வழியில் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லறையைத் தேடிப் பார்க்கிறார்கள். பீட்டர் கிராண்ட். டீ நதிக் கரையில் டூப்ராக் பண்ணையில் பிறந்தவர். கல்லோடனில் ஸ்டூவர்ட் பக்கம் நின்று போரிட்டுத் தப்பியவர். 1824-ல் இறந்தபோது வயது 110 என்கிறது கல்லறைக் கல். அவரைப் பற்றி ஊரில் வழங்கும் கதை இது: 1822-ல் ஸ்காட்லாந்து வந்த நான்காம் ஜார்ஜிடம் அந்தக் கிழவரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அரசர் அவரைத் தன் மிகப் பழைய நண்பர் என்று சொல்லி வரவேற்றார். கிழவர் திருத்தினார்: நண்பன் அல்ல, உங்கள் மிகப் பழைய பகைவன். அரசர் கோபித்துக்கொள்ளவில்லை. வாரம் ஒரு கினி பென்ஷன் கொடுத்தார். கிழவரும் வாங்கிக்கொண்டார்.

மைதானத்தில் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். விழாவை நடத்தும் சங்கத்தின் ஆட்கள் குப்பை பொறுக்குகிறார்கள். அவர்களில் தச்சர் எத்தனை பேர் என்று தெரியவில்லை. அரசர் உட்கார்ந்த பந்தலுக்கு எதிரே, நேற்று எறிந்த கேபரை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போகிறார்கள். அடுத்த செப்டம்பருக்கு அது வேண்டும்.